அவங்க எந்தச் சமூகம்?

கம்பெனியில வேலையா தம்பி? கழுத்துல அட்டை தொங்குதே, அதான் கேட்டேன். எந்தக் கம்பெனின்னு படிக்கலாம்னு பாத்தா அட்டை திரும்பிக் கிடக்கு. ஓ, அந்த வீடியோ ஆப்புக் கம்பெனி இல்லையா. சரி. ஆனா கம்ப்யூட்டர் வேலைதானே? அப்ப இந்த ஆப்புக்காரங்களை எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே? தெரியாதா? சரி, விடுங்க. நீங்க திண்டுக்கல் வரைக்கும்தானே? நான் செம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னாடியே இறங்கிருவேன். அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். என் பேரு போதுமணி. பெரியகுளத்துல இட்லி மாவு கடை வச்சிருக்கேன். கடைன்னா பெருசா ஒண்ணும் இல்ல, வீட்டு முன்ரூம்ல ரெண்டு கிரைண்டரு, ஒரு பிரிட்ஜு. வீட்டுக்காரர் மூணாறு பக்கம் ஜீப்பு ஓட்டுறாரு. தீபாவளி, பொங்கல்னா வருவாரு. ஒரே பொண்ணு, சுபஹரிணி. ஒம்பதாவது படிக்கிறா. சுபான்னு கூப்பிடுவோம். நிறத்துல என்னைய மாதிரியே கறுப்பு. வாயில மட்டும் என்னைய மாதிரி இல்ல, அவ பேசறதே ரெண்டு வார்த்தைதான்.

காலையில பள்ளிக்கூடம் கிளம்புறதுக்கு முந்தி எதுத்தாப்புல இருக்கற ஓட்டலுக்கு மாவு வாளியை அவதான் கொண்டுபோய்க் கொடுப்பா. அன்னைக்கும் போனா. யூனிபார்ம் போட்டு, தலை சீவி, பூ வச்சு எல்லாம் ஆச்சு. தண்ணி லாரி ஊத்திட்டுப் போன ஈரம் ரோட்டுல கிடந்திருக்கு, வழுக்கிருச்சு. வாளி அப்படியே தலைகீழாக் கவுந்து, உச்சந்தலையில இருந்து முழங்கால் வரைக்கும் மாவு. கண்ணைத் தொறக்க முடியாம ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நடுரோட்டுல நிக்கிறா. எனக்கே சிரிப்பு வந்துருச்சு தம்பி. அடி ஒண்ணும் படலையில்ல, அப்பறம் என்ன. ஒரு குடம் தண்ணியை ஊத்திக் கழுவி, வேற துணி மாத்தி, போடி பள்ளிக்கூடத்துக்குன்னு அனுப்பி விட்டேன்.

எதுத்த மாடியில இருந்து அதை ஒரு பய போன்ல வீடியோ எடுத்துட்டான். நிதிஷ்னு பேரு, அவ பள்ளிக்கூடந்தான், ஒரு வகுப்பு மேல. எடுத்தவன் சும்மா போட்டிருந்தாக்கூட ஒண்ணுமில்ல. பாட்டைச் சேத்து, மெதுவா ஓடவிட்டு, மேல எழுத்துல போட்டிருக்கான், 'ஒரே நிமிஷத்துல கலரு மாறணுமா? மாவு பூசுங்க'ன்னு. முகத்துக்குப் பூசற கிரீம் விளம்பரம் வருமே, அந்த மாதிரியே பண்ணியிருக்கான். கெட்டிக்காரப் பயதான், அதையும் சொல்லணும்.

கீழ வந்து எழுதறாங்க பாருங்க, எந்த ஊருன்னே தெரியாதவனெல்லாம். 'மாவு'. அவ்வளவுதான். மாவு, மாவு, மாவு. நடுவுல ஒருத்தன் 'உளுந்து பத்தலை'ங்கறான். இன்னொருத்தன் 'கழுவுனா பழைய கலரு வந்துருமே'ங்கறான். அப்பறம் மறுபடி மாவு, மாவு. தள்ளித் தள்ளி என் கட்டைவிரலுதான் வலிச்சுச்சு.

பள்ளிக்கூடத்துல அவ பேரே மாவுன்னு ஆயிருச்சு. டீச்சரு பேரு கூப்பிடறப்ப இவ வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடி இருந்து எவனோ 'மாவு வந்திருக்கு டீச்சர்'னு சொல்லுவானாம். இவ உக்கார்ற பெஞ்சுல மைதாவைத் தூவி வைப்பாங்களாம். அவ என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நாந்தான் பாவாடையைத் துவைக்கறப்பப் பாத்துக் கேட்டேன். அப்பவும் ரெண்டே வார்த்தைதான், 'விடும்மா, ஒண்ணுமில்ல'.

அப்பறம் இட்லி சாப்பிட மாட்டேன்னா. தோசை மாட்டேன்னா. எங்க வீட்டுல அதை விட்டா வேற என்ன இருக்கு சொல்லுங்க? கிரைண்டர் ஓடற சத்தம் கேட்டா உள்ரூம்ல போயிக் கதவைச் சாத்திக்கிருவா. குளிக்கப் போனா வெளிய வரமாட்டா. சோப்புப் போட்டுப் போட்டுத் தேச்சு கையெல்லாம் வறண்டு வெடிச்சிருச்சு. பள்ளிக்கூடம் போக மாட்டேன்னா. அடிச்சும் பாத்தேன். அடி வாங்கிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா. பேச்சே நின்னுபோச்சு. எங்க தெருவுல எல்லாரும் காத்துக் கருப்பு பட்டிருக்கும்னாங்க, மந்திரிச்சுக் கயிறும் கட்டினேன்.

அந்தப் பய வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மா நல்ல மாதிரி, என் கண்ணு முன்னாடியே அவனை நாலு சாத்துச் சாத்தி அழிக்க வச்சாங்க. அழிச்சுட்டான். எனக்கும் மனசு நிம்மதியாப் போச்சு. வீட்டுக்கு வந்து பாக்கறேன், வேற ஒருத்தன் போட்டிருக்கான். அவனுக்கு ஊரு சேலமோ ஈரோடோ. இன்னொருத்தன் மலேசியாவாம். காமெடி வீடியோவாப் போடறதே தொழிலா வச்சிருக்கற பக்கமெல்லாம் இருக்காமே, அதுலயும் வந்திருச்சு. அவங்க அம்மா வீட்டுக்கெல்லாம் நான் எங்கன்னு போறது?

மொபைல் கடையில ஒரு பொண்ணு இருக்கு, ஆயிஷான்னு. அதுதான் சொல்லுச்சு, 'அக்கா, இதைக் கம்பெனிக்கே ரிப்போர்ட் பண்ணுங்க, மூணு புள்ளியை அமுக்குனா வரும்'னு. வீட்டுக்கு வந்து அமுக்குனேன். தமிழ்லதான் கேக்குது, மரியாதையா, 'ஏன் புகாரளிக்கிறீர்கள்?'னு. கீழ வரிசையாப் போட்டிருக்கு. நிர்வாணம். ஐயையோ, அது இல்ல, எம்பிள்ளை யூனிபார்ம் போட்டிருக்கா. வன்முறை. அதுவும் இல்ல, தானாத்தான் விழுந்தா. கொடுமைப்படுத்துதல்னு ஒண்ணு இருந்துச்சு. அது மாமியார் கொடுமை, வரதட்சணைக் கொடுமை, கல்யாணம் ஆன பொண்ணுகளுக்குன்னு அதை விட்டுட்டேன். 'எம்பிள்ளை அழுவுறா'ன்னு ஒண்ணு போட்டிருந்தா அதை அமுக்கியிருப்பேன். அது இல்ல. கடைசியில 'எனக்கு இது பிடிக்கவில்லை'ன்னு இருந்ததை அமுக்குனேன். 'சரி, இனிமே இந்த மாதிரி உங்களுக்குக் குறைவாக் காட்டறோம்'னு வந்துச்சு. எனக்குக் காட்டாம இருந்து என்ன பண்றது? நான் கண்ணை மூடிக்கிட்டா ஊரு மூடிக்கிடுமா?

மறுநாள் ஆயிஷாகிட்டப் போனா அது தலையில அடிச்சுக்கிருச்சு. 'அக்கா, அந்தக் கொடுமைப்படுத்துதல்தான் இது, பிள்ளைகளைக் கேலி பண்றதுக்குத்தான் அந்தப் பட்டன்'னுச்சு. அதுவே அமுக்கிக் கொடுத்துச்சு. எங்க ஊருல கேலின்னுதான் சொல்லுவோம், கிண்டல்னு சொல்லுவோம். கொடுமைன்னா அது வேற. சரி, பதிலு வந்துச்சு. சீக்கிரமாவே வந்துச்சு. அதை அப்படியே எடுத்து வச்சிருக்கேன், வாசிக்கறேன் கேளுங்க. 'இந்தப் பதிவு எங்கள் சமூக வழிகாட்டுதல்களை மீறவில்லை என்பதைக் கண்டறிந்துள்ளோம்.'

எங்கள் சமூகம்! வாசிச்சதும் எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு தம்பி. எங்க பக்கம் சமூகம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். போஸ்டர்ல போடுவாங்கல்ல, கல்யாண மண்டபத்துல எழுதியிருக்கும்ல. அந்தப் பய வேற சமூகம், நாங்க வேற. அவங்க ஆளுகளுக்கு ஊருல மண்டபம் இருக்கு, சங்கம் இருக்கு, பெரிய இடத்துல எல்லாம் ஆளு இருக்கு. அப்ப கம்பெனியிலயும் அவங்க ஆளுதான் உக்காந்திருக்கான். அவங்க பிள்ளை செஞ்சது அவங்க வழிக்குத் தப்பில்லன்னு எழுதிட்டான். என்னமோ ஒளிக்காம நேராச் சொன்னானே, அதுவரைக்கும் நல்லதுன்னு நினைச்சேன்.

சிரிக்காதீங்க தம்பி. அந்தச் சமூகம் வேறம்மான்னு நீங்க சொல்றது எனக்குக் கேக்குது. ஆயிஷாவும் சொல்லுச்சு. அதைப் பாக்கறவங்க எல்லாரும் சேந்து ஒரு சமூகமாம். நான் கேக்கறேன், நானும் பாக்கறேன், எம்பிள்ளையும் பாக்கறா. நாங்க அதுல சேத்தியா இல்லையா? சேத்தின்னா எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல?

இன்னொண்ணு கேளுங்க. எனக்கு ஒருநாள் கோவம் வந்துருச்சு. அப்பெல்லாம் கோவம் வரும். அந்த வீடியோவுக்குக் கீழ போயி நானே எழுதுனேன். என்ன எழுதுனேன்னு உங்ககிட்டச் சொல்ல முடியாது, வாயில வந்ததை எழுதுனேன், உங்க கை விளங்காமப் போகன்னு ஆரம்பிச்சேன். எழுதி முடிச்சுத் தண்ணி குடிச்சுட்டு வந்து பாக்கறேன், காணோம். 'உங்கள் கருத்து எங்கள் சமூக வழிகாட்டுதல்களை மீறுகிறது'ன்னு வந்திருக்கு. பாத்தீங்களா? மாவுன்னு ஊரே எழுதுது, அது மீறல. நான் ஒருத்தி எழுதுனா மீறுது. அப்ப நான் நினைச்சதுல என்ன தப்பு?

ஆயிஷா என்ன சொல்லுச்சுன்னா, அங்க ஆளே இல்லையாம், மிசினாம். மாவுன்னா மிசினுக்கு மாவுதான். அது எப்படித் தப்பாகும்? திட்டுன வார்த்தையை மட்டும் அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்களாம். அப்ப இந்த ஆப்பை நம்ம பிள்ளைக கையில கொடுக்கறதுக்கு முந்தி மாவுன்னா என்னன்னும் சொல்லிக் கொடுத்திருக்கணும்ல? இவ்வளவு பெரிய கம்பெனி, ஊரு ஊருக்குத் தமிழ்ல நடத்துறாங்க, தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளை ஒரு நாற்காலி போட்டு உக்கார வைக்க முடியாதா? சங்கத்துக்காரங்க கூட வாசல்ல ஒரு ஆளை வச்சிருக்காங்க.

ஆமா, சங்கத்துக்கும் போனேன். அதான் சொல்ல வந்தேன். அந்தப் பய சமூகத்துத் தலைவர் வீட்டுக்கே போயிட்டேன். உக்காரச் சொல்லி மோர் கொடுத்தாரு. இந்த மாதிரி உங்க சமூகத்து வழிகாட்டுதல்ல எம்பிள்ளையைக் கேலி பண்ணலாம்னு இருக்காம்யான்னு பதிலை நீட்டுனேன். அவரு கண்ணாடியை மாட்டி ரெண்டு மூணு தடவை வாசிச்சாரு. 'நாங்க இந்த மாதிரி தீர்மானம் எதுவும் போடலையேம்மா'ன்னாரு. பக்கத்துல இருந்த செயலாளரைப் பாத்து, 'யோவ், நம்மளைக் கேக்காம எவன்யா போட்டான்?'னாரு. செயலாளரு படிச்சவரு, அவருதான் எடுத்துச் சொன்னாரு. அதுக்கப்பறம் தலைவரு வீடியோவைக் காட்டச் சொன்னாரு. காட்டுனேன். சிரிச்சுட்டாரு. சிரிச்சுட்டு, 'தப்பா நினைக்காதம்மா'ன்னாரு. நான் தப்பா நினைக்கல. பாக்கறவங்க எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க.

ஆனா நல்ல மனுசன். வழி சொன்னதே அவருதான். 'ஒரு ஆளு ரிப்போர்ட் போட்டா எவனும் மதிக்க மாட்டான்மா, கூட்டம் காட்டணும். நிறையப் பேரு போட்டாத் தூக்கிருவான்'னாரு. எங்க ஆளுக எல்லாரையும் போடச் சொல்றேன்னு அந்த வீடியோவை வாங்கி அவங்க சங்கத்து வாட்ஸ்ஆப் குரூப் அம்புட்டுலயும் அனுப்பி விட்டாரு. வேத்தாளு, எங்களுக்காக இம்புட்டு செஞ்சாரு.

அதுல இருந்துதான் நானும் விடாமக் கேக்கறேன். மாவு வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம் போனைக் கொடுங்கம்பேன், அனுப்புவேன், ஒரு ரிப்போர்ட் போடுங்கம்பேன். போடுவாங்க. மகளிர் குழுவுல அனுப்புனேன். ரேசன் கடை வரிசையில காட்டுனேன். போலீசுல ஒரு பொம்பளைப் பிள்ளை பொறுமையாக் கேட்டு எழுதிக்கிருச்சு, கம்பெனிக்குத் தகவல் கேட்டு அனுப்பியிருக்கோம்க்கா, பதிலு வரணும்னுச்சு. அதுகிட்டயும் அனுப்பி வச்சேன். அவ பள்ளிக்கூடத்துப் பெரிய ஹெட்மாஸ்டருக்குக் காட்டுனேன், பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயும் காட்டுனேன், முன்னெச்சரிக்கையா இருக்கட்டுமேன்னு. காலையில எந்திரிச்சதும் முதல் வேலை எடுத்துப் பாப்பேன், இருக்கா, எடுத்துட்டாங்களான்னு. இருக்கும். எத்தனை பேரு பாத்தாங்கன்னு கீழ போடுதுல்ல, அது மட்டும் கூடிக்கிட்டே போகுது. எங்க ஊருக்காரங்க பாக்கறது குறைஞ்சப்பறமும் கூடுது. அது ஏன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி? உங்களுக்கும் தெரியலையா. சரி.

இப்பெல்லாம் எனக்குக் கோவமும் வர்றதில்ல, அழுகையும் வர்றதில்ல. மாவை அரைக்கறேன், அளந்து கட்டறேன், கொடுக்கறேன். ஆளுகிட்டப் போனைக் காட்டறேன். அவங்க சிரிக்கறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. உடம்புக்கு என்னமோன்னு டாக்டரம்மாகிட்டப் போனேன், ரத்தம் குறைவா இருக்குன்னு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க.

சுபாவைக் கொண்டுபோய் என் தங்கச்சி பூங்கொடி வீட்டுல விட்டிருக்கேன், செம்பட்டிப் பக்கம். அங்க ஒரு பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. முதல்ல அங்கயும் ஊமையாத்தான் இருந்திருக்கா. அப்பறம் கொஞ்சங் கொஞ்சமாப் பேச ஆரம்பிச்சிருக்கா. கோகோ விளையாடறாளாம், நல்லா ஓடறாளாம், விளையாட்டு வாத்தியாரு டீம்ல போட்டிருக்காராம். போன வாரம் பூங்கொடி போன் பண்ணி அழுவுறா. என்னடின்னேன். 'அக்கா, சுபா இன்னைக்குத் தோசை கேட்டு வாங்கித் தின்னாக்கா, ரெண்டு தின்னா'ங்கறா. சரி, சட்னி என்ன வச்சேன்னு கேட்டேன்.

அங்க யாருக்கும் அந்த வீடியோ தெரியாது. இதுவரைக்கும் தெரியாது. அதான் எனக்கு பயமே. கம்பெனி எடுக்கல, அது எங்கயோ சுத்திக்கிட்டேதான் இருக்கு. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு அங்கயும் எவன் போனுலயாவது வந்து நிக்கும். வந்தப்பறம் போயி அழுது என்ன பண்றது? அதுக்கு முந்தி நாமளே போயி அந்த ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டக் காட்டி, இந்த மாதிரி இந்த மாதிரி, இதுதான் எம்பிள்ளை, யாரும் மாவுன்னு கூப்பிடாமப் பாத்துக்கங்கன்னு சொல்லி வச்சுட்டா நல்லதுல்ல? பிரேயர்ல ஒரு வார்த்தை சொல்லி விட்டாங்கன்னா எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிஞ்சிரும். அதுக்குத்தான் கடையை அடைச்சுட்டுக் கிளம்புனேன்.

சுபாகிட்ட நேத்துப் போன்ல சொன்னேன். 'நீ வராதம்மா'ன்னா. ஏண்டின்னேன். 'வந்தாலும் சித்தி வீட்டுக்கு வா. பள்ளிக்கூடத்துக்கு வராத. அதைக் காட்டாதம்மா, உங்கால்ல விழுறேன்'னா. அவ அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டு எத்தனை நாளாச்சு. பேச்சு நல்லா வந்திருச்சுன்னு சந்தோசமா இருந்துச்சு. சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்.

அதான் உங்ககிட்டக் கேக்கணும்னு வந்தது. நீங்க படிச்சவரு. நான் செய்யறது சரிதானே?

என்ன தம்பி, நீங்களும் அதையே சொல்றீங்க. காட்டாதீங்கம்மா, காட்டாதீங்கம்மான்னு. காட்டாம இருந்தா நான் வேற என்ன செய்யறது, அதைச் சொல்லுங்க. அதை எடுக்கற அதிகாரம் உங்க கையில இருக்கா? ஹெட்மாஸ்டர் கையில இருக்கா? போலீசு கையில இருக்கா? கம்பெனி கையிலதான் இருக்கு. கம்பெனிக்கு வாசல் இல்ல. வாசல் இருந்திருந்தா அங்க போயி உக்காந்திருப்பேன், ஊரெல்லாம் ஏன் அலையறேன்? சும்மா இருக்கறதுக்குத்தான் அந்தக் கம்பெனிக்காரங்க இருக்காங்களே தம்பி. பெத்தவளும் சும்மா இருந்தா அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?

சரி, அழாதீங்க. நானே அழல. போனைக் கொடுங்க, உங்களுக்கும் அனுப்பிவிடறேன், ஒரு ரிப்போர்ட் போட்டு விடுங்க. வேணாமா? அட, ஒரு நிமிஷ வேலை. சரி, நம்பரையாவது சொல்லுங்க. வேணாம்னா விடுங்க, கட்டாயம் இல்ல.

ஸ்டாப்பிங் வந்திருச்சு. அதோ தெரியுதுல்ல மஞ்சக் கட்டடம், அதுதான் பள்ளிக்கூடம். விளையாட்டு பீரியடு போல, எல்லாம் வெளிய நிக்குதுக. இருங்க இருங்க, அந்த வேப்பமரத்துக்கிட்டப் பாருங்க. பச்சை ரிப்பன், ரெட்டைச்சடை. சுபா! சுபாதான் தம்பி அது. கூட நாலஞ்சு பிள்ளைக. ஒருத்தி இவ தோள்ல கையைப் போட்டிருக்கா. இவ என்னமோ சொல்றா, எல்லாம் சிரிக்குதுக. இவளும் சிரிக்கறா. ஆத்தாடி, எப்படிச் சிரிக்கறா பாருங்க.

கண்டக்டர், ஆளு இறங்கணும், நிப்பாட்டுங்க. நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கேன். அந்தப் பிள்ளைகளும் எல்லாம் ஒண்ணாவே நிக்குதுக. அதுககிட்டயும் காட்டி ஆளுக்கு ஒரு ரிப்போர்ட் போடச் சொல்லிட்டு, அப்பறமா டீச்சரைப் பாக்கப் போறேன். வர்றேன் தம்பி.